ஏழரை மணிக் காற்று

லாரிகள் பிறக்கிற தெரு ஒன்று நாமக்கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெறும் எஞ்சினும் சக்கரங்களுமாக, முகமும் முதுகும் இல்லாமல் ஒரு முனையில் நுழைகிற வண்டி, வெல்டிங் பட்டறையில் எலும்பு வாங்கி, தச்சுப் பட்டறையில் பலகை வாங்கி, பெயின்ட் பட்டறையில் மயிலும் தாமரையும் முன்நெற்றிக்கு ஒரு கோரைப்பல் முகமும் வாங்கி, கடைசியாகப் பாவாயியின் பட்டறையில் மேலே போர்த்திக்கொள்ளத் தார்ப்பாயும் வாங்கிக்கொண்டு, மறுமுனையில் மாரியம்மன் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுத் தேசம் பார்க்கக் கிளம்பும். எலுமிச்சை நசுங்கினால்தான் வண்டி கிளம்பியதாகக் கணக்கு. சக்கரத்தில் படாமல் பழம் நழுவி ஓடிவிட்டால், எவ்வளவு பெரிய முதலாளியின் வண்டியானாலும் பின்னுக்குத் தள்ளிவந்து மறுபடி நசுக்க வைப்போம். அப்படிக் கண்டிப்பான தெரு எங்களுடையது.

இந்தத் தெருவில்தான் டிவியிலிருந்து காற்று வந்தது.

கேபிள் மயில்சாமிக்கு என்று உள்ளூர்ச் சேனல் ஒன்று உண்டு. பழைய படங்களைப் போட்டுப் போட்டு அலுத்துப்போய், பொழுது சாய்ந்து ஏழரை மணிக்கு எதையாவது புதிதாகப் போடலாம் என்று சென்னையில் ஒரு கடையில் டிஸ்க்குகளை மூட்டையாக வாங்கிவந்தான். அதற்குள் இருந்தது ஜப்பான் தேசத்துக் குடும்ப நாடகம். தமிழும் இல்லை, இங்கிலீசும் இல்லை. துறைமுக ஊர் ஒன்றில் ஊருக்கெல்லாம் வெந்நீர் போட்டுக் குளிக்க விடுகிற ஒரு குடும்பம். அடுப்புக்கு விறகு தள்ளியபடி எந்நேரமும் முகத்தை உம்மென்று வைத்திருக்கிற அப்பன். துண்டு மடிக்கிற அம்மா. பேச்சுக்கு இரண்டு அண்ணன்கள். பறக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிற ஒரு மகள். அப்பன் வாயைத் திறந்தாலே "சயோ!" என்று கத்துவதால் அவள் பெயர் சயோ என்பது எங்களுக்குத் தெரிந்தது. அடுப்பு விறகையும் ஜன்னல் காகிதத்தையும் வைத்து அவள் இறக்கை கட்டுவாள். கட்டியதைத் தோளில் மாட்டிக்கொண்டு கடற்கரை மேட்டிலிருந்து ஓடுவாள். ஓடித் தண்ணீரில் விழுவாள். மறுநாள் மறுபடி கட்டுவாள். அவள் மேட்டிலிருந்து இறங்கி ஓடுகிற அந்தச் சில நிமிடம் மட்டும் எங்கள் டிவிகளிலிருந்து காற்று வரும்.

முதலில் அதைக் கவனித்தது பெயின்ட் பட்டறை ரத்தினாத்தாள். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் படபடவென்று அடித்துக்கொண்டது, எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினாள், காற்று நிற்கவில்லை, கையை நீட்டிப் பார்த்தாள், கண்ணாடிக்குள்ளிருந்து உப்பு வாசமும் விறகுப் புகையும் கலந்து ஜில்லென்று வந்தது. "கரண்டு மிச்சம்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்து மீதி நாடகத்தைப் பார்த்தாள்.

பாவாயிக்கு நடந்தது வேறு. அவளுடைய பட்டறையில் சின்ன டிவி ஒன்று மூலையில் கிடக்கும். அன்று பெரிய தார்ப்பாய் ஒன்றைத் தரையில் விரித்துப்போட்டு, குத்தூசியும் கையுமாக ஒரு மூலையைத் தைத்துக்கொண்டிருந்தாள். சயோ ஓடினாள், காற்று தரையோடு தரையாக வந்து தார்ப்பாய்க்கு அடியில் புகுந்தது, தார்ப்பாய் மெள்ள முதுகைத் தூக்கிக்கொண்டு எழுந்தது, மூலையை விட்டுவிடாமல் பிடித்திருந்த பாவாயியும் அதோடு எழுந்தாள். ஒரு சாண் உயரம் இருக்கும். கால் கட்டைவிரல் தரையைத் தேடியது, தரை கிடைக்கவில்லை. சயோ தண்ணீரில் விழுந்ததும் காற்று நின்றது, பாவாயி இறங்கினாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்று பின்னால் எங்களிடம் கூச்சமில்லாமல் சொன்னாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தார்ப்பாய் தைப்பது பாவாயி என்றாலும் லோடு மேல் ஏறி அதைக் கட்டுவது ஆண்கள்தான். பெண் கால் பட்ட லோடு ஊர் போய்ச் சேராது என்பது எங்கள் தெருச் சட்டம். புதுப் பெண்ணாக வந்த வருஷம், இது தெரியாமல், தையல் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கப் பாவாயி ஒரு வண்டி மேல் ஏறிவிட்டாள். அப்போது தெருவுக்குப் பெரியவராக இருந்தவர், இப்போதைய பட்டறைச் சங்கத் தலைவர் வையாபுரியின் அப்பா. அவர் அந்த லோடு மொத்தத்தையும் கீழே இறக்கவைத்து, வண்டியை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவவைத்து, மறுபடி ஏற்றவைத்தார். அத்தனை நேரமும் பாவாயியை வெயிலில் நிற்கவைத்துப் பார்க்கச் சொன்னார். நாங்களும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். அதற்கப்புறம் அவள் எதன் மேலும் ஏறியதில்லை. காற்று உள்ளே நுழையாதபடி தைப்பதே அவள் தொழில் ஆயிற்று. காற்று உள்ளே நுழைந்தால் என்ன ஆகும் என்று அந்த ஏழரை மணிக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

தெரு காற்றைப் பழக்கிக்கொண்டது. டிவி முன்னால் அப்பளம் காயப்போட்டார்கள், பள்ளிக்கூடச் சீருடை காயப்போட்டார்கள், தலைக்குக் குளித்த பெண்கள் வரிசையாக முதுகைக் காட்டி உட்கார்ந்து கூந்தல் ஆற்றினார்கள். டீக்கடைக்காரன் டிவியை அடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்து, அந்த நேரத்தில் மட்டும் வடை போட்டான். பெயின்ட் பட்டறையில் பச்சை ஈரத்தோடு நிற்கிற மயில்களை டிவிப் பக்கமாகத் திருப்பி நிறுத்தினார்கள். கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் டிவியைப் பண்ணைக்குள் கொண்டுபோய் வைக்க, அத்தனை கோழியும் ஒரே நேரத்தில் கூண்டுக் கம்பியில் தலையை முட்டிக்கொண்டன. அவர் டிவியைத் திரும்ப எடுத்துவந்துவிட்டார். சங்கத்தில் கூட்டம் போட்டுப் பேசினோம். காற்று எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. விருந்தாளி வந்திருக்கும்போது ஈரத்துணியை டிவி முன்னால் தொங்கவிடலாமா கூடாதா என்பதில்தான் அடிதடி வரைக்கும் போனது.

வையாபுரி மட்டும் ஆரம்பம் முதலே இதை "ஏழரை" என்றார். அதற்குக் காரணம் உண்டு. தெருவிலேயே பெரிய டிவி அவர் வீட்டில், சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும். பெரிய டிவிக்குப் பெரிய காற்று. முதல் நாள் அவர் ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேரை உட்காரவைத்து ஏதோ பஞ்சாயத்துப் பேசிக்கொண்டிருக்கையில் சயோ ஓடிவிட்டாள். தலைவருடைய வேட்டி கொடிக்கம்பியில் போய் உட்கார்ந்தது. அவருடைய மனைவி நாச்சம்மாள் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். நாச்சம்மாள் பேசி நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஆனால் அன்று முதல் ஏழரை மணிக்கு அந்த டிவி முன்னால் அவள் நாற்காலி போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவாள் என்று வேலைக்காரி சொன்னாள்.

நாடகத்துக்கு வசனம் போட்டது ரத்தினாத்தாள். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் யார் வாய் அசைந்தாலும் அவளிடம் பதில் தயாராக இருக்கும். அடுப்புக்கார அப்பன் மகளின் இறக்கையைப் பிடுங்கி அடுப்புக்குள் செருகிய நாளில், தெருவே அவள் வீட்டு வாசலில் நின்றது.

"என்ன சொல்றான் அவன்?" என்று கேட்டோம்.

"'பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி றெக்கை, கம்முனு துண்ட மடி'ங்கறான்" என்றாள் ரத்தினாத்தாள்.

"அவ என்ன சொல்றா?"

ரத்தினாத்தாள் திரையைப் பார்த்தாள். சயோ அடுப்பு வாய்க்குள் எரிகிற இறக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்; அப்புறம் வெளியே போய், எரியாத விறகாகப் பார்த்துப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"அவ ஒண்ணும் சொல்லலே. நாமதான் சொல்லோணும்" என்றவள், டிவிக்கு முன்னால் போய் நின்று அந்த அப்பனை வாயில் வந்தபடி திட்டினாள். நாங்களும் சேர்ந்துகொண்டோம். பாவாயி மட்டும் திட்டவில்லை. கடைசி வரிசையில் நின்றவள், "நான் பறக்கப் போறேன்" என்றாள். பக்கத்தில் நின்ற ஓரிருவருக்குத்தான் கேட்டது. மறுநாள் காலைக்குள் ஊருக்கே கேட்டுவிட்டது.

மயில்சாமி ஓடிவந்தான். "அக்கா, பறக்கறதுன்னா சுருக்கா பறந்துக்கங்க. மூட்டையில இன்னும் கொஞ்சம் டிஸ்க்குதான் கெடக்குது. அப்பறம் காத்துக்கு நான் எங்க போவேன்?"

அவனுக்குப் பின்னாலேயே வையாபுரி வந்தார். பாவாயியின் பட்டறை அவருடைய இடம். வாசலில் நின்றபடியே பேசினார்.

"ஏம்மா, வயசு அம்பதாகப் போவுது, உனக்கெதுக்கு இந்த வேலை? கோயில் கோபுரத்துக்கு மேல இந்த ஊர்ல ஒரு வீடு உண்டா? அதுக்கு மேல ஒரு பொம்பள காலு போச்சுன்னா அப்பறம் இந்தத் தெரு வண்டி ஒண்ணாவது ஊர் போய்ச் சேருமா?"

அவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி கோபுரத்துக்கு மேலே ஒரு முழம் எட்டிப் பார்ப்பதை அந்த நேரத்தில் எங்களில் எவனும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

"உசரம் பாத்துட்டு எறங்கிக்கறேனுங்க" என்றாள் பாவாயி.

"பறக்கற அன்னிக்கே பட்டறையக் காலி பண்ணிக்க."

தைத்துக்கொண்டிருந்த ஊசியைத் தார்ப்பாயில் குத்தி நிறுத்திவிட்டு அவள் எழுந்தாள். இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து அவர் முன்னால் வாசற்படியில் வைத்தாள்.

"பட்டறை உங்களுதுங்க. எடுத்துக்கங்க. காத்து உங்களுது இல்லீங்க."

வையாபுரி சாவியை எடுக்கவில்லை, குனிய வேண்டியிருக்குமே. போய்விட்டார். ஆனால் சொன்னால் செய்கிற ஆள் என்பது எல்லோருக்கும் தெரியும். முப்பது வருஷமாகத் தைத்துத் தைத்துச் சேர்த்த வாடிக்கையும், உட்கார ஒரு நிழலும், அவளுக்கென்று ஒரு பெயரும் அந்தப் பட்டறையில்தான் இருந்தன. அது போனால் அவள் அத்துவானத்தில்தான் நிற்க வேண்டும்.

அவளுக்கு இறக்கை கட்டிக் கொடுப்பது என்று தெரு முடிவுசெய்தது. வெயிலில் நிற்கவைத்த அந்த நாள் எல்லோர் மனதிலும் முள்ளாகக் கிடந்தது என்பதை அப்போதுதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். மனதாரச் செய்தோம், அதனால்தான் அவ்வளவு கேவலமாகச் செய்தோம். எங்களுக்குத் தெரிந்த நல்ல வேலை என்பது பாரம் தாங்குகிற வேலை. வெல்டிங்காரன் ஆங்கிள் இரும்பில் சட்டம் அடித்து, மேலே ஏறிக் குதித்துக் காட்டி, "பத்து டன் ஏத்துங்க, ஒரு நெளிவு வருதான்னு பாக்கலாம்" என்றான். தச்சன் ஓரத்துக்கெல்லாம் தேக்குப் பலகை கொடுத்தான். மூலைக்கு மூலை பித்தளைக் குமிழ் வந்தது. பெயின்டர் இரண்டு இறக்கையிலும் தோகை விரித்த மயில் வரைந்து, முன்னால் கோரைப்பல் முகம் வைத்து, பின்னால் "ஒலி எழுப்பவும்" என்று எழுதினான். ரத்தினாத்தாள் தன் பங்குக்குக் கறுப்புக் கயிறும், குஞ்சமும், ஒரு ஜதை செருப்பும் திருஷ்டிக்காகத் தொங்கவிட்டாள். பாவாயி இருப்பதிலேயே கெட்டியான தார்ப்பாயை இரட்டையாக மடித்துத் தைத்தாள்; அவளும் இந்தத் தெருக்காரிதானே.

டீக்கடை டிவி முன்னால் அதை நிறுத்தினோம். ஏழரைக்கு சயோ ஓடினாள், காற்று வந்தது, குஞ்சம் ஆடியது. அவ்வளவுதான். இறக்கைக்குள் தோளைக் கொடுத்து நின்ற பாவாயிக்கு மூச்சு முட்டியது. கோழி ஒன்று அந்த இறக்கைக்கு அடியில் வந்து சாவகாசமாக உட்கார்ந்துகொண்டது.

தன் வீட்டு மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வையாபுரி, "பத்து டன் அது தாங்கும், செரி. அதைத் தாங்கறதுக்கு ஆரு இருக்கா?" என்றார். தெருவே சிரித்தது. அவர் சொன்னதற்குச் சிரித்துவிட்டோமே என்று எங்களுக்கே எரிச்சலாக இருந்தது.

மறுநாள் நடுப்பகலில் செங்கோடன் வந்தான். பாவாயியின் புருஷன், லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் வேறு மாநிலத்தில் கிடப்பவன். குண்டூரிலிருந்து பஞ்சு லோடு ஏற்றிவந்தவனை, மில்லில் இடம் காலியாகும் வரை இரு என்று சொல்லியிருந்தார்கள். வண்டியைத் தெருமுனையில் நிறுத்தி இறங்கியதுமே ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். தலைவரும் கூப்பிட்டு, பொண்டாட்டியை அடக்கி வை என்றார்.

"லோடு மேல கட்டுன தார்ப்பாயே நான் சொன்னா கேக்காதுங்க. அதைத் தெச்சவ கேப்பாளாங்க?" என்றான் செங்கோடன்.

ஆனால் பட்டறைக்குள் வந்ததும் அவன் முகம் மாறிவிட்டது. இறக்கையைச் சுற்றிச்சுற்றி வந்தான். அவனுக்குக் காற்று தெரியும். ஒருமுறை மலைப்பாதையில் தார்ப்பாயின் ஒரு மூலை அவிழ்ந்து, கட்டப் போன கிளீனரைத் தூக்கிப் பள்ளத்தில் போட்டதைப் பார்த்தவன் அவன்.

"விழுந்துட்டீன்னா என்ன பண்ணுவே புள்ள?" என்றான்.

"சயோ தெனமும் விழுவறா."

"அவளுக்குக் கீழ கடலு இருக்குது. உனக்குக் கீழ தார் ரோடு."

பாவாயி எட்டித் தெருமுனையைப் பார்த்தாள். "அப்ப உங்க பஞ்சு லோடைக் கோயில்கிட்டக் கொண்டுபோய் நிறுத்துங்க" என்றாள்.

அவள் என்ன கேட்கிறாள் என்பது செங்கோடனுக்குப் புரிய சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் அவளையே பார்த்தான். லோடு மேல் அவள் கால் பட்டதென்றால் இந்தத் தெருவில் இனி ஒருத்தனும் அவனுக்கு லோடு கொடுக்க மாட்டான். எவ்வளவோ ஊர் பார்த்துவந்திருக்கிறான். அவளிடம் எதையும் கொண்டுவந்து காட்டியதில்லை. பீடியை அணைத்துவிட்டு எழுந்துபோனான். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. ஆள் கோபத்தில் போய்விட்டான் என்றுதான் நினைத்தோம். பார்த்தால் கோயில் வாசலுக்கு நேர் எதிரே, தெருவுக்குக் குறுக்காக, லாரி நின்றது.

திரும்பி வந்தவன் இறக்கையைக் காலால் ஒரு தட்டுத் தட்டினான். "இதைப் பிரி. இதுல போனா நான் லோடைப் பாதாளத்துலதான் நிறுத்தோணும்."

பிரிக்கிறது கட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. வெல்டிங்காரன் தன் சட்டத்தைத் தானே அறுக்க மாட்டேன் என்று அழுதான். தச்சன் ஒரு பலகையாவது இருக்கட்டும் என்று மன்றாடினான். பெயின்டர் மயிலை விட்டுத்தர மாட்டேன் என்று நின்றான். "பறக்கற மயிலாத்தான் வரைஞ்சே கண்ணு. ஆனா பெயின்ட்டு எடைக்கே நான் ஒக்காந்துடுவேன்" என்றாள் பாவாயி. செருப்பை எடுக்க மட்டும் ரத்தினாத்தாள் சம்மதிக்கவேயில்லை. கடைசியில் ஒற்றைச் செருப்பு என்று சமாதானமானது. இரும்பு போய் மூங்கில் வந்தது. தார்ப்பாய் போய், மழைக்காலத்தில் பஞ்சுப் பொதிக்கு மூடுகிற மெல்லிய நைலான் துணி வந்தது. கனமாகச் செய்யத் தெரிந்த கைகள் லேசாகச் செய்யக் கற்றுக்கொண்ட அந்த நாட்களில், ஒருவர் செய்ததை இன்னொருவர் கையில் வாங்கிப் பார்த்து, "இன்னும் கொறைக்கலாம்" என்று சொல்வதே தெருவில் பெரிய பாராட்டாக இருந்தது.

ஒரு டிவிக் காற்று போதாது என்று முடிவாயிற்று. கடைசி டிஸ்க் அன்று ஏழரைக்கு எல்லா வீட்டு டிவியும் தெருவுக்கு வரும். இரண்டு பக்கமும் வரிசையாக வைத்துக் கோயில் பக்கமாகத் திருப்பிவிடுவோம். அவள் நடுவில் ஓடுவாள்.

கடைசி நாளும் வந்தது. அப்பளத்துக்கும் கூந்தலுக்கும் விடுமுறை கொடுத்துவிட்டு, டிவிகளை ஸ்டூல் மேல், டிரம் மேல், அரைகுறை லாரிகளின் மேல் என்று வைத்தார்கள். வயர்கள் தெரு முழுக்க ஓடின. ஏழு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் தெருவில் கரண்டு போயிற்று. வையாபுரி டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியிலிருந்து பீஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தெருவின் நடுவில் கையைக் கட்டி நின்றார்.

"எல்லாரும் வூட்டுக்குப் போங்க. நாடகம் முடிஞ்சுது" என்றார்.

லாரி கட்டுகிற தெருவை இருட்டாக்கிவிடலாம் என்று நினைத்தாரே, அது ஒன்றுதான் அவர் வாழ்நாளில் அடித்த தமாஷ். பட்டறை பட்டறையாக பேட்டரிகள் வந்தன, இன்வெர்ட்டர்கள் வந்தன. பாடி கட்டாத வண்டிகள் ஒவ்வொன்றாக ஹெட்லைட்டைப் போட்டன. மயில்சாமி தன் வேன் பேட்டரியிலேயே டிஸ்க்கை ஓடவிட்டான். டிவிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்விழித்தன; எல்லாவற்றிலும் அதே கடல், அதே மேடு, அதே சயோ. வையாபுரி கையை அவிழ்த்துக்கொண்டு ஓரமாக ஒதுங்க வேண்டியதாயிற்று.

அப்போதுதான் ரத்தினாத்தாளுக்கு ஞாபகம் வந்தது. "எலுமிச்சம்பழம் வெக்கலியே!"

பறக்கிற வண்டிக்குச் சக்கரம் ஏது? கால்தான் சக்கரம் என்று அவளே முடிவுசெய்து, டீக்கடை முன்னால் ஒன்று, பெயின்ட் பட்டறை முன்னால் ஒன்று, தச்சுப் பட்டறை முன்னால் ஒன்று, கோயிலை ஒட்டிக் கடைசியாக ஒன்று என்று நடுத்தெருவில் வைத்துக்கொண்டே போனாள். செங்கோடன் லாரிக்குள் ஏறி ஹாரனில் கையை வைத்தான். பாவாயி சேலையைத் தார்ப்பாய்க் கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, தன் கால் செருப்பைக் கழற்றிவிட்டு, தோளை இறக்கைக்குள் கொடுத்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. இருந்தும் முகத்தை நிமிர்த்தியே வைத்திருந்தாள்.

சயோ ஓடினாள்.

எல்லா டிவியிலிருந்தும் உப்பும் புகையுமாகக் காற்று வந்தது; தெருப்புழுதி எழுந்தது; மரத்தூள் எழுந்தது; செங்கோடன் ஹாரனை அழுத்தினான்; பாவாயி ஓடினாள். டீக்கடை எலுமிச்சை அவள் குதிகாலில் நசுங்கியது. இறக்கை நிறைந்தது. பெயின்ட் பட்டறை எலுமிச்சை பாதத்தில் நசுங்கியது. ஓட்டம் குதிப்பாகிவிட்டது, ஒரு குதிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவில் இடைவெளி நீண்டது, நாங்கள் "ஏறு, ஏறு" என்று கத்தினோம். தச்சுப் பட்டறை எலுமிச்சை கட்டைவிரல் நுனியில் நசுங்கியது. ஆனால் அதற்கப்புறம் இறக்கை தளர்ந்தது. அத்தனை டிவியும் சேர்ந்தும் காற்று ஒரு கை குறைந்தது. கோயில் நெருங்கிக்கொண்டிருந்தது, கால் மறுபடி தரையைத் தேட ஆரம்பித்திருந்தது. வையாபுரி சிரிக்கத் தயாராகிவிட்டார்.

அந்தச் சமயத்தில் அவர் வீட்டு மாடியிலிருந்து காற்று வந்தது. இன்வெர்ட்டர் போட்ட அந்த வீட்டில், சுவரில் அடித்து வைத்திருந்த அந்தப் பெரிய டிவியைக் கழற்றி, மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் சாய்த்து, தெருவைப் பார்க்கக் குனியவைத்துப் பிடித்துக்கொண்டு நாச்சம்மாள் நின்றாள். தலைமுடி அவிழ்ந்து பறந்தது. "போ பாவாயி!" என்று கத்தினாள். அவள் குரல் எப்படி இருக்கும் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பாவாயி போனாள். கடைசி எலுமிச்சைக்கு மேலே போனாள், கூரைகளுக்கு மேலே போனாள், வேப்பமரத்துக்கு மேலே போனாள், ஒற்றைச் செருப்பு ஆட ஆட மாரியம்மன் கோபுரத்துக்கு மேலே போனாள், தலைவர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கும் மேலே போனாள். அங்கிருந்து, அவளுக்கு நேர் கீழே, எங்கள் தெரு அத்தனையும், ஹெட்லைட் வெளிச்சமும் அண்ணாந்த முகங்களுமாகத் தெரிந்திருக்கும். கோபுரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மாரியம்மன் கோயில் மணிகள் காற்றில் ஆடிச் சத்தமிட்டன. அது சந்தோஷச் சத்தமாகத்தான் எங்களுக்குக் கேட்டது. அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றி, காற்று மெள்ள மெள்ளத் தணிய, செங்கோடனின் பஞ்சு லோடு மேல் முழங்காலிட்டு இறங்கி, எழுந்து நின்றாள்.

அன்று சயோ பறந்தாளா விழுந்தாளா என்று ஒருவரும் பார்க்கவில்லை. திரும்பியபோது எல்லா டிவியிலும் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அந்த அப்பன் மட்டும் கடற்கரையில், தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி நின்றான். மறுபடி போட்டுக் காட்டட்டுமா என்று மயில்சாமி கேட்டான். வேண்டாம் என்றோம்.

வையாபுரி நடுத்தெருவில் நடந்துவந்தார். நசுங்கிய பழங்களைத் தாண்டிக்கொண்டே வந்து, கோயிலை ஒட்டி முழுசாகக் கிடந்த கடைசி எலுமிச்சையை, இந்தமுறை குனிந்து, எடுத்தார். எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்தார்.

"பாத்தீங்களாடா? நசுங்கல. நம்ம சட்டப்படி வண்டி கெளம்பவே இல்ல. இங்க ஒண்ணும் நடக்கல" என்றார்.

தெரு அந்தப் பழத்தைப் பார்த்தது. காயம் படாமல், மஞ்சளாக, அவர் கையில் இருந்தது. முதலில் செங்கோடன் சிரித்தான், அப்புறம் ரத்தினாத்தாள், அப்புறம் எல்லோரும். எதற்குச் சிரிக்கிறோம் என்பது கடைசியாக அவருக்கும் புரிந்தது. உயர்த்திய கையை இறக்கவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் நின்றார்.

மாடியிலிருந்து இறங்கிவந்த நாச்சம்மாள் அந்தப் பழத்தை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். டீக்கடைக்குள் போய், கத்தி கேட்டு வாங்கி, பழத்தை அறுத்துப் பிழிந்து, உப்பும் சர்க்கரையும் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, டம்ளரை எடுத்துக்கொண்டு நேராகப் பஞ்சு லாரியிடம் போனாள்.

"நாச்சா! எங்க போறே?" என்றார் வையாபுரி.

"அவ ஓடி வந்திருக்கறா. தாகமா இருக்குமில்ல" என்றாள் நாச்சம்மாள்.

செங்கோடன் இறங்கிவந்து ஏணியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டான். லோடு மேலிருந்து பாவாயி கையை நீட்டினாள். டம்ளர் தளும்பாமல், சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நாச்சம்மாள் ஏறினாள்.